மரத்துக்கு வந்த வருத்தமல்ல: ஹோட்டன் சமவெளியின் இலைக்கன்கள்

 

போன தவணை விடுமுறையில் தரம் 10 பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நுவரெலியாப் பக்கம் கல்விச் சுற்றுலா போய் வந்தது உங்களில் பலருக்குத் தெரியும். போட்டோக்களும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பயணத்தில் எங்களால் நடந்த ஒரு பிழையைத் திருத்தத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள். பெற்றோர் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

சுபஹுத் தொழுகையை நுவரெலியாவில் முடித்துக்கொண்டு பட்டிப்பொல வழியாக ஹோட்டன் சமவெளிக்கு ஏறினோம். வாசலில் பைகளைத் திறந்து பார்த்துப் பொலித்தீன் எல்லாவற்றையும் கழற்றி எடுத்தார்கள். உள்ளே நடக்கத் தொடங்கியதும் காட்டுக்குள் மூடுபனி. மரங்கள் எல்லாம் குட்டை. கிளைகள் முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. அந்தக் கிளைகளிலிருந்து சாம்பல் கலந்த பச்சை நிறத்தில் தாடி மாதிரி ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. மகன் ஒருவர் எட்டி ஒரு கைப்பிடியைப் பிய்த்துத் தாடையில் வைத்துக்கொண்டு, "சேர், எங்கட அப்பா மாதிரி இல்லையா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். போட்டோவும் எடுத்தோம்.

அப்போது ஒரு மகள் மரத்தடியில் நின்று பட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டை முழுக்க வெள்ளை, சாம்பல், மஞ்சள் நிறங்களில் தேமல் போலப் படைகள். "சேர், இது மரத்துக்கு வந்த வருத்தமா?" என்று கேட்டார். நாங்கள் மூன்று ஆசிரியர்கள் அங்கு நின்றோம். மூவரும் ஏறத்தாழ ஒரே பதிலைச் சொன்னோம்: "ஓம் மகள், பங்கசு பிடித்திருக்கு."

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. விஞ்ஞானப் பாடத்தில் "இலைக்கன்" என்று நாங்கள் வருடா வருடம் கற்பிப்பது இதைத்தான். அல்காவும் பங்கசும் சேர்ந்து வாழும் ஒன்றியவாழ்வு, வளி மாசடைதலைக் காட்டும் காட்டி என்றெல்லாம் கரும்பலகையில் எழுதுகிறோம். பிள்ளைகளும் பரீட்சையில் சரியாக எழுதிப் புள்ளி எடுக்கிறார்கள். ஆனால் அதையே உயிரோடு மரத்தில் கண்டபோது, கற்பித்த நாங்களே வருத்தம் என்றோம். கூட வந்த பிள்ளை அதைப் பிய்த்ததைப் பார்த்துச் சிரித்தோம்.

அந்த வெட்கத்தில் தேடி வாசித்தோம். வாசிக்க வாசிக்க, இது நம் மலைநாட்டின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கும் கதை என்று தெரிந்தது. கோப்பியும் வருகிறது, தேயிலையும் வருகிறது, நாம் குடிக்கும் தண்ணீரும் வருகிறது.

முதலில் அந்தத் தாடியின் பெயரிலிருந்து தொடங்குவோம். அதன் விஞ்ஞானப் பெயர் உஸ்னியா. லத்தீன் சொல் மாதிரி இருந்தாலும் அது அரபு மருத்துவ நூல்களில் வழங்கிய "உஷ்னா" என்ற சொல்லிலிருந்து வந்தது. மரத்தில் படரும் பாசி போன்ற பொருளுக்கு அந்தக் காலத்து ஹகீம்கள் வைத்திருந்த பெயர் அது. இப்னு சீனாவின் அல்-கானூன் என்ற மருத்துவ நூலில் மருந்துப் பொருள்களின் வரிசையில் உஷ்னாவும் இருக்கிறது. யூனானி மருந்துக் கடைகளில் இன்றும் அந்தப் பெயர் வழக்கில் உண்டு. தமிழ்நாட்டில் பிரியாணி மசாலாவுக்குப் போடும் கல்பாசியும் ஓர் இலைக்கன்தான். பாடசாலை ஆய்வுகூடத்தில் அமிலம், காரம் பார்க்கும் பாசிச்சாயத் தாளின் சாயமும் ஆதியில் இலைக்கனிலிருந்து எடுக்கப்பட்டதுதான். ஆக நம் சமையலறைக்கும் மருந்துப் பெட்டிக்கும் வகுப்பறைக்கும் இது புதிய ஆள் இல்லை. நாம்தான் அடையாளம் காணவில்லை.

இனி மலைக்கு வருவோம். ஹோட்டன் சமவெளியின் பழைய சிங்களப் பெயர் மஹஎலிய. பெரிய திறந்த வெளி என்று பொருள் கொள்ளலாம். 1830களில் ஆங்கிலேய இராணுவ அதிகாரிகள் அங்கு போய்ச் சேர்ந்த பின், அப்போது ஆளுநராக இருந்த ரொபர்ட் வில்மட் ஹோட்டனின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. பெயர் மாறிய அதே காலத்தில்தான் மலைநாட்டின் முகமும் மாறத் தொடங்கியது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் வந்தது. காடுகள் அரச காணியாகித் தோட்டக்காரர்களுக்கு விற்கப்பட்டன. தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாக நடந்து வந்த ஏழைத் தொழிலாளர்கள் வழியிலும் தோட்டத்திலும் செத்து மடிந்து, அந்தக் காடுகளை வெட்டிக் கோப்பி நட்டார்கள். நம்மவர்களில் பலர் தவளம் மாடுகளில் சாமான் ஏற்றி இறக்கியதும், தோட்டச் சந்திகளில் கடை போட்டதும் இந்தக் காலத்தோடு சேர்ந்த கதை. மலையில் ஒரு காடு விழுந்தபோது அந்த மரங்களின் பட்டையில் என்னென்ன இருந்தன என்று யாரும் பார்க்கவில்லை.

ஒருவர் மட்டும் ஓரளவு பார்த்தார். ஜோர்ஜ் த்வைட்ஸ் என்ற ஆங்கிலேயர் 1849இல் பேராதனைப் பூங்காவைப் பொறுப்பேற்று, ஏறத்தாழ முப்பது வருடம் அங்கேயே இருந்தவர். இலங்கைத் தாவரங்களைப் பட்டியலிட்டு நூல் எழுதியவர். பூக்கும் செடிகளோடு நிற்காமல் பாசி, பங்கசு, இலைக்கன் எல்லாவற்றையும் திரட்டிக் கடல் கடந்து அனுப்பினார். இங்கிலாந்தில் லெய்ட்டன் என்ற பாதிரியார் அந்த இலைக்கன்களை ஆராய்ந்து, இலங்கையின் இலைக்கன்கள் என்ற தலைப்பில் 1870இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நமது மலை மரங்களின் பட்டையில் வாழ்ந்தவைகளுக்கு அப்படித்தான் முதற் பெயர்கள் கிடைத்தன. பெயர் வைத்தவர் மேசையில் இருந்தது காய்ந்த பட்டைத் துண்டு மட்டும்.

இதே த்வைட்ஸின் கைக்கு 1869இல் இன்னொரு பொருளும் வந்தது. கோப்பி இலை. இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் நிறத்தில் தூள் படிந்திருந்தது. அதை அவர் இங்கிலாந்துக்கு அனுப்ப, பெர்க்லி என்ற பங்கசு அறிஞர் அதே வருடம் அதற்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். பெயரின் பின்பாதிக்கு நாசம் செய்வது என்று பொருள். பெயருக்கேற்றபடி அது நாசம் செய்தது. ஒரே பயிரை மலை மலையாக நட்டிருந்ததால் காற்றில் பறந்த வித்திகளுக்குத் தடை எதுவும் இருக்கவில்லை. அடுத்த இருபது வருடத்துக்குள் இலங்கையின் கோப்பிக் காலம் முடிந்து தேயிலைக் காலம் வந்துவிட்டது.

அந்த நோயை ஆராய அரசாங்கம் 1880இல் ஓர் இளம் விஞ்ஞானியை வரவழைத்தது. ஹரி மார்ஷல் வார்ட் என்பது அவர் பெயர். இரண்டு வருடம் இங்கிருந்து, அந்தப் பங்கசு இலைக்குள் எப்படி நுழைகிறது, எப்படிப் பரவுகிறது என்று படிப்படியாகக் காட்டினார். கோப்பியைக் காப்பாற்றும் மருந்தை மட்டும் அவரால் கொடுக்க முடியவில்லை.

எங்களை மிகவும் நிறுத்தி யோசிக்க வைத்த இடம் இதற்கு அடுத்ததுதான். கோப்பி நோய்க்காக வந்த அதே மனிதர், இலங்கையில் இருந்த காலத்தில் இன்னொரு வகை இலையையும் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். அந்த இலையின் மேல் வட்ட வட்டமாக வளர்ந்திருந்தது ஸ்ட்ரிகுலா என்ற இலைக்கன். அதைப் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரை 1884இல் லண்டனில் வெளிவந்தது.

அதன் முக்கியத்துவம் விளங்க வேண்டுமானால் அந்தக் காலத்துச் சண்டை ஒன்று தெரிய வேண்டும். 1860களின் கடைசியில் ஸ்வென்டனர் என்ற சுவிஸ் விஞ்ஞானி, இலைக்கன் என்பது ஒரு தனி உயிரே இல்லை, ஒரு பங்கசும் ஓர் அல்காவும் சேர்ந்த கூட்டு என்றார். இலைக்கன் துறையின் பெரிய தலைகள் அதை ஏற்கவில்லை. இரண்டு உயிர் சேர்ந்து மூன்றாவது உருவம் எடுப்பதாவது என்று கேலியும் செய்தார்கள். வார்ட் என்ன செய்தார் என்றால், இலங்கை இலையில் அது நடக்கும் விதத்தைப் படிப்படியாகப் பார்த்து எழுதினார். முதலில் அல்கா தனியாக இலையில் இடம் பிடிக்கிறது. பிறகு பங்கசின் இழைகள் வந்து அதைச் சுற்றிப் படர்கின்றன. இரண்டும் சேர்ந்த பிறகுதான் இலைக்கன் உருவாகிறது. அந்தப் பெரிய விவாதத்தில் நம் நாட்டு இலை ஒன்றும் இப்படிச் சாட்சி சொன்னது.

ஒரே மனிதர், ஒரே நாடு, அடுத்தடுத்த வருடங்கள். ஒரு கையில், இலையைக் கொன்று ஒரு நாட்டின் பொருளாதாரத்தையே கவிழ்த்த பங்கசு. மறு கையில், அல்காவோடு சேர்ந்து வாழும் பங்கசு. பங்கசு என்றாலே வருத்தம்தான் என்று நாங்கள் அந்த மகளிடம் சொன்ன பதில் எவ்வளவு பிழை என்பது இந்த இடத்தில்தான் விளங்கியது.

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஸ்ட்ரிகுலாவோடு சேரும் அந்த அல்கா இலையின் மேற்றோலுக்கு அடியில் வளர்வது. ஆகவே இலைக்குச் சற்றுத் தொல்லை கொடுக்கக்கூடியது. ஆனால் ஹோட்டன் சமவெளியில் நாம் காணும் தாடியும் பட்டைத் தேமல்களும் அப்படியல்ல. அவை மரத்துக்குள் வேர்விட்டுச் சாறு உறிஞ்சுவதில்லை. நிற்க ஓர் இடம்தான் மரத்திடம் கேட்கின்றன. தண்ணீர் மழையிலிருந்தும் மூடுபனியிலிருந்தும் வருகிறது. சாப்பாட்டை அல்கா ஒளித்தொகுப்பால் தயாரிக்கிறது. காய்ந்து போகாமல் காக்கும் வீட்டைப் பங்கசு கட்டுகிறது. வாடகை வீட்டில் பிரச்சினை இல்லாமல் இருக்கும் ஒரு குடும்பம் மாதிரி.

வளியை நேரடியாகக் குடித்து வாழ்வதால்தான், வளி கெட்டால் முதலில் சாவதும் இவைதான். இதை 1866இலேயே எழுதியவர் நைலாண்டர் என்ற பின்லாந்து அறிஞர். பாரிஸ் நகரத்துப் பூங்கா ஒன்றில் வாழும் இலைக்கன்கள் நகரின் மற்ற இடங்களில் இல்லாததைக் கண்டு, இவை காற்றின் தூய்மையை அளக்கும் கருவி போன்றவை என்றார். பாடப்புத்தகத்தில் நாம் கற்பிக்கும் "காட்டி" என்ற விடயத்தின் தொடக்கம் அங்கேதான். ஸ்வென்டனரின் கூட்டுக் கருத்தைக் கடைசிவரை எதிர்த்தவரும் இதே நைலாண்டர்தான். ஒரு விடயத்தில் காலத்தை முந்தியவர் இன்னொன்றில் பிடிவாதமாகப் பிழை விடலாம். ஆசிரியர்களாகிய எங்களுக்கு இதில் ஓர் ஆறுதலும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. வேகா என்ற கப்பலில் வந்த ஸ்வீடன் மருத்துவர் அல்ம்குவிஸ்ட் இலங்கையில் திரட்டிய இலைக்கன்களை ஆராய்ந்து எழுதியவரும் அவரே. அந்த நூல் 1900இல், அவர் இறந்த பிறகு வெளியானது.

சரி, கோப்பிக்காக மலையெல்லாம் வெட்டப்பட்டபோது ஹோட்டன் சமவெளி மட்டும் எப்படித் தப்பியது?

1873இல் லண்டன் கியூ பூங்காவின் பணிப்பாளராக இருந்த ஜோசப் ஹூக்கர் இலங்கை அரசாங்கத்துக்கு ஓர் ஆலோசனை கொடுத்தார். 5000 அடிக்கு மேல் உள்ள மலைக் காடுகளைத் தொடாமல் விடுங்கள் என்பதே அது. காரணம் தண்ணீர். உச்சிக் காடு போனால் ஆறுகள் வற்றும், மண் சரியும், கீழே உள்ள தோட்டங்களும் வயல்களும் கெடும். இந்த ஆலோசனை எல்லா இடத்திலும் காப்பாற்றப்படவில்லை என்பதை, நுவரெலியாவைச் சுற்றி 5000 அடிக்கு மேலும் தேயிலை நிற்பதைப் பார்த்தாலே தெரியும். என்றாலும் 2100 மீற்றருக்கு மேல் இருக்கும் ஹோட்டன் சமவெளியின் காடு அதனால் பெரும்பாலும் நின்றது. 1960களில் புல்வெளியின் ஒரு பகுதியில் விதை உருளைக்கிழங்கு போட்டுப் பார்த்தார்கள். 1969இல் அது வனவிலங்கு சரணாலயம் ஆனது. 1988இல் தேசிய பூங்கா ஆனது. 2010இல் சிவனொளிபாத மலைக் காடு, நக்கிள்ஸ் காடு ஆகியவற்றோடு சேர்ந்து மத்திய மலைநாடு என்ற பெயரில் யுனெஸ்கோ உலக மரபுரிமை ஆனது.

மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீர் கொடுக்கும் இடம் அது. கண்டியில் வுழூ எடுப்பவரும், கொழும்பில் குழாயைத் திறப்பவரும், அம்பாந்தோட்டையில் வயல் செய்பவரும் அந்த மூடுபனிக் காட்டுக்கு ஒரு விதத்தில் கடன்பட்டவர்கள்தான்.

கவனித்தீர்களா? இந்தச் சட்டங்களில் எதுவும் இலைக்கனுக்காக வந்ததல்ல. தண்ணீருக்காகவும் மிருகங்களுக்காகவும் ஒரு காடு விடப்பட்டது. வயதான மரங்கள் வெட்டப்படாமல் நின்றதால், அவற்றின் பட்டையில் குடியிருந்தவைகளும் யாருக்கும் தெரியாமல் தப்பிப் பிழைத்தன. அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கு மேல் அவற்றைத் தேடி அதிகம் பேர் போகவும் இல்லை.

பிறகு நம் நாட்டவர்களே போனார்கள். 2012இல் இலங்கை ஆராய்ச்சியாளர் உதேனி ஜயலாலும் அவரோடு சேர்ந்த உள்நாட்டு வெளிநாட்டு அறிஞர்களும், அதுவரை உலகத்தில் யாரும் பதிவு செய்திராத இரண்டு இலைக்கன் இனங்களை இலங்கையிலிருந்து அறிவித்தார்கள். அவற்றில் ஒன்றின் பெயர் அன்சியா மஹாஎலியென்சிஸ். மஹாஎலிய! ஆளுநரின் பெயரால் மறைந்துபோன அந்தப் பழைய ஊர்ப்பெயர், ஓர் இலைக்கனின் பெயராக உலகப் பதிவில் ஏறிவிட்டது. இந்த அன்சியா வகையின் அடிப்பக்கத்தில் பஞ்சு போன்ற கறுப்பு மெத்தை ஒன்று இருக்கும். நாங்கள் மூவரும் அந்தப் பாதையில் அதைத் தாண்டியே நடந்திருக்கலாம். யாருக்குத் தெரியும்?

அதே காலத்தில் கோதமி வீரகோன் என்ற இலங்கைப் பெண்மணி நக்கிள்ஸ் காட்டிலும் மற்ற மலைகளிலும் தேடினார். அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2012இல் ஆறு புதிய இனங்களையும் 2014இல் இன்னும் பதின்மூன்று புதிய இனங்களையும் அறிவித்தார்கள். எல்லாம் பட்டையில் எழுத்து எழுதியது போலக் கோடு விழும் குடும்பத்தைச் சேர்ந்தவை. அதே 2014இல் வெளிவந்த இன்னொரு கட்டுரை, இலங்கையில் முன்பு பதியப்படாத 200க்கும் அதிகமான இலைக்கன்களைப் பட்டியலிட்டது. பின்னர் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் இலைக்கன் சேகரிப்புக்குப் பொறுப்பாளராக அவர் போனார். த்வைட்ஸ் இங்கிருந்து அனுப்பிய இலைக்கன்கள் இருக்கும் அதே அருங்காட்சியகம். ஒரு காலத்தில் நம் மலையின் பட்டைத் துண்டுகள் கப்பலில் போன இடத்துக்கு, அவற்றை வாசிக்கத் தெரிந்த நம் நாட்டுப் பெண் ஒருவர் போய் உட்கார்ந்திருக்கிறார். மரத்தைத் தடவிப் பார்த்துக் கேள்வி கேட்ட எங்கள் மகளுக்கு நாங்கள் சொல்லியிருக்க வேண்டிய கதை இதுதான்.

இப்போது கவலைக்குரிய பகுதி. 1970களின் பின்பகுதியிலிருந்து ஹோட்டன் சமவெளியில் மரங்கள் நின்ற நிலையிலேயே பட்டுப்போவது பதிவாகி வருகிறது. நடந்து போனவர்கள் வெள்ளை எலும்பு மாதிரிக் கிளைகளைப் பார்த்திருப்பீர்கள். மண்ணில் ஈரம் குறைவது, காற்று மாசு என்று ஆராய்ச்சியாளர்கள் பல காரணங்களைச் சோதிக்கிறார்கள். காரணம் எதுவானாலும் மரம் விழுந்தால் குடியிருப்பவருக்கும் வீடு போய்விடும். இளம் மரம் நட்டு இதை ஈடுசெய்ய முடியாது. முதிர்ந்த பட்டையும் நிழலும் ஈரமும் சேர்ந்தால்தான் சில இனங்கள் ஒட்டிக்கொள்ளும். பல இலைக்கன்கள் வருடத்துக்குச் சில மில்லிமீற்றர்தான் வளர்கின்றன. எங்கள் மகன் சிரிப்புக்காகப் பிய்த்த அந்தக் கைப்பிடித் தாடி, அவருடைய வயதை விட மூத்ததாக இருந்திருக்கலாம்.

நக்கிள்ஸிலும் ஒரு பாடம் இருக்கிறது. அங்கு பெரிய மரங்களை விட்டுவிட்டு, கீழேயுள்ள சின்ன மரங்களை வெட்டி ஏலம் நட்டார்கள். ஏலம் காயவைக்கக் காட்டு விறகையே எரித்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் காடு மாதிரிதான் தெரியும். உள்ளே ஈரமும் இளம் மரமும் போய்விட்டன. 2000ஆம் ஆண்டு அது பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கப்பட்டது. ஏல வியாபாரம் நம் சமூகத்துக்கும் சோறு போட்டது என்பதால் இதை யாரையும் குற்றம் சொல்ல எழுதவில்லை. காடு நிற்கிறது என்பதும் காடு உயிரோடு இருக்கிறது என்பதும் வேறு வேறு என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறோம்.

பெருநாள் விடுமுறையிலும் ஏப்ரல் விடுமுறையிலும் நம் ஊரிலிருந்து எத்தனை வேன், எத்தனை பஸ் மலைக்குப் போகிறது என்று நமக்குத் தெரியும். போக வேண்டாம் என்று சொல்லவில்லை. போங்கள், பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். பொலித்தீன் கொண்டு போகக் கூடாது என்பதை இப்போது எல்லோரும் பழகிவிட்டோம். அதோடு இதையும் பழகுவோம்: கிளையில் தொங்குவதைப் பிய்க்க வேண்டாம், பட்டையில் பெயர் செதுக்க வேண்டாம், பாதையை விட்டு இறங்கி மரத்தில் ஏறி நின்று போட்டோ எடுக்க வேண்டாம். தேசிய பூங்காவுக்குள் செடிகொடி எதையும் பிடுங்குவது சட்டப்படியும் குற்றம். சட்டம் இருக்கட்டும், அது நமக்கு விடப்பட்ட அமானிதம்.

ஊருக்குள்ளும் ஒரு வேலை இருக்கிறது. வளவில் நிற்கும் பலா, மா, பாக்கு மரங்களில் வெள்ளைப் படை கண்டால் வருத்தம் என்று சுரண்டிச் சுண்ணாம்பு அடிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. இனிமேல் சுரண்ட வேண்டாம். அது மரத்தின் பட்டையில் தங்கியிருக்கும் விருந்தாளி. அது அங்கு இருப்பது உங்கள் வளவின் காற்று இன்னும் ஓரளவு நல்லது என்பதற்கும் ஓர் அடையாளம்.

விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கிய முதல் நாளே அந்த மகளை வகுப்புக்கு முன்னால் கூப்பிட்டு, "மகள், அன்று உங்களுக்குச் சொன்ன பதில் பிழை. அது வருத்தம் இல்லை, இலைக்கன்" என்று சொன்னோம். தாடி வைத்த மகன் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் சொன்னோம்: பிழை உங்களுடையது அல்ல, பார்த்துச் சிரித்த எங்களுடையது. பிறகு எல்லோரையும் கைவில்லையோடு வெளியே கூட்டிப்போய்ப் பாடசாலை வளவில் நிற்கும் பலா மரத்தைக் காட்டினோம். இருபது நிமிடம் ஒருவரும் அசையவில்லை. அந்த மகள் மட்டும் கேட்டார்: "சேர், இதுக்குப் பெயர் வச்சிருக்காங்களா?"

எங்களுக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னோம். தேடிப் பார்ப்போம் மகள் என்றோம்.

இதில் பிழை இருந்தால் தெரிந்தவர்கள் திருத்துங்கள். அடுத்த விடுமுறைக்கு மலைக்குப் போக இருப்பவர்களுக்கு இதைப் பகிர்ந்து விடுங்கள்.